நாலு வருஷம் ஒன்பது மாச வாரண்டி

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: அக்கா, அவள் கணவரான என் அத்தான், அவர் பழுது பார்த்து முடித்த ஃப்ரிட்ஜின் சொந்தக்காரி, அப்புறம் நான். ஃப்ரிட்ஜையும் ஆள் கணக்கில் சேர்க்கலாம். எங்களில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

சொந்தக்காரி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். எல்லோருக்கும் டிரைவிங் டீச்சர். நான் இரவு ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். கனமான சாமானைத் தூக்குவது மட்டும் என் பொறுப்பு.

மூன்று மாதம் முன்பு அத்தானுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிறுநீரில் ரத்தம் வந்ததை ஒரு வாரம் பீட்ரூட் மேல் பழிபோட்டுச் சமாளித்தார். அக்கா விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். உள்தோலோடு நின்றுவிட்ட ரகம், தசைக்குள் இறங்கவில்லை. கருவி விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் முதல் சோதனை அன்றைக்குத்தான்: சிறுநீர் வரும் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, மறுபடி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அத்தான் வரமாட்டேன் என்று விடிந்ததிலிருந்து அடம். காரணம் கேட்டால் "வேலை கிடக்கு" என்பார். சிகரெட்டை விட்டதிலிருந்து ஸ்க்ரூடிரைவர் பிடியைக் கடிக்கும் பழக்கம் வேறு. அதையும் கடித்துக்கொண்டே சொன்னதால் பாதி புரியவில்லை.

டீச்சர் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்தார். "வாரண்டி எவ்வளவு?"

"கம்ப்ரசர் புதுசு. நாலு வருஷம் ஒன்பது மாசம்."

"இதென்ன கணக்கு? போன வருஷம் என் தங்கச்சிக்கு முழுசா அஞ்சு வருஷம் குடுத்தீங்க. என் மூஞ்சியைப் பார்த்தா குறைக்கணும்னு தோணுதா?"

"இருக்கிறதைத்தான் குடுக்க முடியும், டீச்சர்."

சலவைக்காரருக்கு நாலு வருஷம் பதினொரு மாதம் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. பேக்கரிக்காரருக்கு அது நாலு வருஷம் பத்து மாதமாகச் சுருங்கியது. மனுஷனுக்குக் குசும்பு என்று சிரித்துவிட்டு விட்டிருந்தோம்.

அக்கா சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள். "இருக்கிறதுன்னா?"

"டாக்டர்தான் சொன்னாரே, அஞ்சு வருஷம்னு. மூணு மாசம் போயாச்சு."

ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமியது.

"அட கூறுகெட்ட மனுஷா!" என்றாள் அக்கா. "அவர் அவ்வளவு பேசினதுல உங்க காதுல விழுந்தது அது ஒண்ணுதானா? உங்களை மாதிரி உள்தோலோட நின்னவங்கள்ல, நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அஞ்சு வருஷம் கழிச்சும் இருக்காங்கன்னு சொன்னாரு."

"சரி, அஞ்சு. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் இருப்பாங்க!"

"அதை அவர் சொல்லலையே."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், உங்க அஞ்சு வருஷ வாரண்டி முடிஞ்ச மறுநாளே கம்ப்ரசர் செத்துடுமா?"

"வாயை அலம்பு. என் கை பட்டது பதினஞ்சு வருஷம் ஓடுது."

"அப்ப ஏன் அஞ்சு?"

"எங்கயாவது ஒரு கோடு போடணும்ல, மாப்ள? அதுவரைக்கும்தான்..." என்று ஆரம்பித்தவர், ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுத்தார்.

"டாக்டருங்களும் கோடுதான் போட்டிருக்காங்க" என்றேன். "அந்த இடத்துல நின்னு தலையை எண்ணுறாங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கிணறு இல்லை."

அத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. முழுசாகத் தெளியவில்லை. "திரும்ப வரும்னும் சொன்னாரு. அது உங்க காதுல விழலையா?"

அக்கா சர்க்கரை தடவவில்லை. "விழுந்துச்சு. நிறையப் பேருக்கு வருதாம். அதனாலதான் அடிக்கடி பார்க்கிறாங்க. சின்னதா இருக்கும்போதே சுரண்டிடலாம்."

"சும்மா சும்மா திறந்து பார்த்தா எந்த மெஷினும் உருப்படாது."

"உங்களை எங்க திறக்கிறாங்க? எட்டித்தான் பார்க்கிறாங்க" என்றார் டீச்சர். "பின்னாடி லாரி வருமோன்னு பயந்து, காரோட கண்ணாடியைக் கழட்டிப் போடுவீங்களா?"

அத்தான் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "மாப்ள, அந்தக் குழாய் எவ்வளவு தடிமன் இருக்கும்?"

ஆக, அஞ்சு வருஷப் பயத்துக்கு அடியில் இந்தப் பயமும் கிடந்திருக்கிறது.

"பென்சில் அளவு."

"பென்சிலா!"

"வளையுமாம் அத்தான். மரத்துப்போற ஜெல் தடவித்தான் விடுவாங்க."

"உனக்கென்ன, நீ வெளியில உட்கார்ந்திருப்பே."

டீச்சர் தன் பயிற்சிக் காரிலேயே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அத்தானைத்தான் ஓட்டச் சொன்னார். ஓட்டுகிறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காதாம். அந்தக் காரில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வழியில் இரண்டு தடவை அத்தான் வண்டியைத் திருப்பப் பார்த்தார். இரண்டு தடவையும் வண்டி தானாக நின்றது.

"நேரா போங்க" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

பின் சீட்டில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்புத்தான்.

ஆஸ்பத்திரியில் அத்தானுக்குப் பின்பக்கம் நாடா கட்டிய அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சோதனை அறை வாசலில் நர்ஸிடம் கேட்டார்:

"உள்ளே தெரியறதை ஸ்க்ரீன்ல எனக்கும் காட்டுவீங்களா?"

"பார்க்கணும்னா தாராளமா பாருங்க. சில பேர் கண்ணை மூடிக்குவாங்க."

"நான் எதுக்கு மூடணும்? புதுசா ஏதாவது இருந்தா முதல்ல என் கண்ணுலதான் படணும்."

"படுத்துக்கிட்டே பாருங்க. கையை மட்டும் நீட்டாதீங்க."

அவர் போனார். திரும்பிப் பார்க்கவில்லை, நாடாவைப் பிடித்திருந்ததால் திரும்பவும் முடியாது. அக்கா பின்னாலேயே நுழையப் பார்த்தாள். நர்ஸ் கையை நீட்டி மறித்தார், கதவைச் சாத்தினார், உள்ளே தாழ் போட்டார்.