இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துளி

நல்லரத்தினத்துக்கு விடியற்காலை என்றாலே பயம். கண்விழித்த கையோடு இமையைத் திறக்க முடியாது. உள்ளிமை கண்ணோடு ஒட்டிக்கிடக்கும். அவசரப்பட்டால் தோலை உரிப்பதுபோல நோகும். அதனால் பாயில் அசையாமல் கிடப்பான். மனைவி அன்னப்பூரணி இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவன் கண்களின்மேல் வைப்பாள். இமை ஊறி இளகியதும் கண்ணுக்கு ஒரு துளியாக மருந்து விடுவாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அன்றைய பொழுது விடியும்.

நாலு வருசமாக இப்படித்தான். செங்கலடியில் ஒரு நெல் ஆலையில் எஞ்சின் பார்க்கிறவன் என்பதால் உமித்தூசிதான் காரணமென்று முதலில் நினைத்தார்கள். ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்தான். குறையவில்லை. நந்தியாவட்டைச் சாறு விட்டார்கள், தாய்ப்பால் விட்டார்கள். கடைசியில் மட்டக்களப்பு டவுனில் ஒரு கண் டொக்டரிடம் போனார்கள். அவர் கீழிமைக்குள் சின்னக் கடதாசித் துண்டு ஒன்றைச் செருகி ஐந்து நிமிசம் வைத்திருந்து எடுத்தார். கடதாசி வைத்தபடியே காய்ந்துபோய் வந்தது.

அங்கே மருந்து கொடுக்கிற மவுறீன் மிஸ்ஸி, பறங்கிப் பெண், ஐம்பது வயதிருக்கும், அவள்தான் பூரணியைப் பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினாள். கண்ணில் ஊறவேண்டிய ஈரம் ஊறவில்லை. இது சுகமாகிற வருத்தமில்லை, பராமரிக்கிற வருத்தம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துளி, வாழ்நாள் முழுக்க. விட்டுவிட்டால் கருமணி புண்ணாகும். புண் ஆறின இடத்தில் வெள்ளை விழும்.

ஊருக்கு இதை விளங்கவைக்க முடியவில்லை. காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்து வந்தால் அவன் கண்ணிலிருந்து தாரையாக நீர் வடியும். தண்ணி இல்லாத கண்ணாம், பாருங்கள் என்று ஆலையில் சிரித்தார்கள். காய்ந்து எரிகிற கண்தான் அப்படிக் கொட்டும், கொட்டினாலும் ஈரம் நிற்காது என்று எத்தனை பேருக்குத்தான் அவன் சொல்வான்? வருசம் முழுக்கக் கண் சிவந்தே இருந்ததால் குடிகாரன் என்றும் ஒரு பேர் வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டான்.

அந்தச் சிவப்புத்தான் வினையாய் முடிந்தது.

தொண்ணூற்றியோராம் ஆண்டு, ஆனி மாதம். கச்சான் காற்று வயல்வட்டைகளைக் காயவைத்துப் புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. பதுளை வீதியில் ஆமி ட்ரக் ஒன்று கண்ணிவெடியில் சிக்கிய மறுநாள், விடியுமுன் வெள்ளாப்பிலேயே ஊரைச் சுற்றி வளைத்தார்கள். எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி கத்தியது. துணி நனைக்கவும் நேரமில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே நல்லரத்தினம் போனான். வேப்பமரத்தடியில் பெண்களோடு இருந்த பூரணிக்கு ஆண்களின் வரிசை தெரிந்தது. கதிரையில் இருந்த அதிகாரி ஒவ்வொருவராக முகம் பார்த்தான். நல்லரத்தினத்தின் முறை வந்தபோது அவன் கண் மிளகாய் தேய்த்ததுபோலக் கிடந்தது.

இரவு முழுக்க எங்கே விழித்திருந்தாய் என்று கேட்டார்கள். கண் வருத்தம் என்றான். சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீசாவை எடுத்து நீட்டினான். ஒருவன் அதை வாங்கி மணந்து பார்த்துவிட்டு ஜீப்புக்குள் எறிந்தான். பன்னிரண்டு பேரைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே அவர்களுடைய வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஆமி முகாம் வாசலுக்குப் போனார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று பதில் வந்தது. அடுத்த நாளும் அதே பதில். மற்றப் பெண்கள், அடிப்பார்களோ, சுடுவார்களோ என்று அழுதார்கள். பூரணிக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆனால் அவளுடைய மனம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் நின்றது: காலையில் அவருடைய கண்ணை யார் நனைப்பது? அவள் அதை வாய்விட்டுச் சொன்னபோது, உயிரே இருக்கோ தெரியாது, இவளுக்குக் கண் பெரிசாப் போச்சு என்று பக்கத்தில் நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மவுறீன் மிஸ்ஸியிடம் சொன்னாள். மிஸ்ஸி இரண்டு சீசாக்களை எடுத்தாள். ஒரு துண்டில் சிங்களத்தில் நாலு வரி எழுதி, சீசாவோடு சேர்த்து றப்பர் பட்டியால் சுற்றிக் கொடுத்தாள். இது கண்வருத்தக்காரனின் மருந்து, இல்லாவிட்டால் குருடாவான் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

அதை எடுத்துக்கொண்டு பூரணி தினமும் வாசலில் போய் நின்றாள். சென்றிக் காவலில் நிற்பவர்கள் வாசிப்பார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். இல்லாத ஆளுக்கு மருந்து எதற்கு என்பார்கள். அவள் வெயிலில் நின்றுவிட்டுப் பின்னேரம் நடந்து வருவாள். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள்.

பதினேழாம் நாள் சென்றியில் வேறொரு ஆமிக்காரன் நின்றான். நாற்பது வயது தாண்டியவன், காதோரம் நரைத்திருந்தது. அவளுடைய பையைச் சோதிக்கிறவன்போலக் கிட்ட வந்தான். சீசாவைக் கண்டதும் அவன் கை நின்றது. துண்டை வாசித்தான். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினான்.

"கண் மருந்து கேட்டு ஒரு ஆள் கத்துறான். கண் திறக்க ஏலாது. நான் ஈரத்துணி வைச்சது. உங்கட ஆள்?"

பூரணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் குடுக்கிறன். ஒருத்தருக்கும் சொல்ல வேணாம். சொன்னா எனக்கும் சரியில்ல."

அதற்கும் அவள் தலையாட்டினாள். அவன் சீசாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, போ போ என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டு அவளை விரட்டினான். வேலி மறைவுக்கு வந்ததும் மண்ணிலே குந்திவிட்டாள். கண்ணைத் திறக்க முடியாமல் கத்துகிறான் என்ற செய்தியைக் கேட்டுச் சந்தோசப்பட்ட பெண் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஆள் சென்றியில் நின்ற நாட்களில் இன்னும் இரண்டு சீசா உள்ளே போயிற்று. மூன்றாம் தடவை அவன் முகம் கொடுக்காமல், "இடது கண் நல்லமில்ல" என்று மட்டும் சொன்னான்.

அதை மிஸ்ஸியிடம் சொன்னபோதுதான் செஞ்சிலுவைக்காரரின் பேச்சு வந்தது. அவர்கள் டவுனில் இருந்தார்கள். ஆள் உள்ளே இருக்கிறான் என்று நிச்சயமான தகவல் கிடைத்தால் முகாமுக்குப் போய்க் கேட்பார்கள், பேரைப் பதிவார்கள். பதிந்த ஆளை இல்லையென்று சொல்வது பிறகு அவ்வளவு சுலபமில்லை. எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள். அவர்கள் யார் பேரையும் வெளியே விடமாட்டார்கள். ஆனால் முகாமில் இருப்பவர்கள் மடையர்களா? ஒரு மாதமாகக் கண் மருந்தோடு வாசலில் நின்ற பெண் யார், அவளிடம் பேசக்கூடிய இடத்தில் நின்றவன் யார் என்று கூட்டிப் பார்க்கத் தெரியாதா?

"அந்தாளுக்கு என்ன நடக்கும் மிஸ்ஸி?"

மவுறீன் மேசையிலிருந்த சீசாக்களைக் காரணமில்லாமல் இடம் மாற்றி வைத்தாள். "எனக்குத் தெரியாது புள்ள. ஒண்டும் நடக்காதெண்டு சொன்னா அது பொய்."

"சொல்லாம விட்டா இவருக்கு?"

"அதும் தெரியாது."

இரண்டு நாள் பூரணி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் என்று அந்த மனுசன் சொன்னபோது, தலையாட்டியது அவள்தான். தலையாட்டியது சத்தியம்தானே? ஆனால் இடது கண் நல்லமில்லை என்றால், நாளைக்கு வலது கண். அதற்கு அடுத்த நாள் ஆளே நல்லமில்லை என்பார்கள். இல்லாத ஆளுக்குச் சாவும் இல்லை. எங்கே புதைத்தாலும் கேட்க நாதியில்லை. மூன்றாம் நாள் குளித்து, சேலை மாற்றி, டவுனுக்குப் போனாள். வெள்ளைக்காரி ஒருத்தி கேட்கக் கேட்க, மிஸ்ஸி இங்கிலீசில் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆமிக்காரனை ஒளித்து, உள்ளே வேலைக்குப் போய்வந்த ஒருவர் சொன்னதாகத்தான் சொல்ல நினைத்திருந்தாள். ஆனால் நேரில் பார்த்தவரா, அவர் சொன்ன சொல் என்ன என்று வெள்ளைக்காரி துருவினாள், பொய் நிற்கவில்லை.

அடுத்த கிழமை வெள்ளை வாகனம் முகாமுக்குள் போயிற்று. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கிடைத்தார்கள். நல்லரத்தினம் அந்த ஏழில் ஒருவன். மிச்சம் ஐந்து பேரின் பெண்கள் மறுபடியும் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்கப் பூரணிக்கு முடியவில்லை. தானும் போய் நின்றாள், வேறு காரணத்துக்காக. நரைத்த காதோரத்தைத் தேடினாள். காலையில் போனாள், பின்னேரம் போனாள். சென்றியில் எல்லாம் புதுமுகங்கள். ஒருநாள் துணிந்து ஒருவனிடம், "முன்ன நிண்ட மாத்தயா எங்க?" என்று கேட்டாள். எந்த மாத்தயா என்று அவன் திருப்பிக் கேட்டான். பேர் அவளுக்குத் தெரியாது. மாறிப் போயிருப்பான் என்று சொல்லிவிட்டு அவன் துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டான்.

நல்லரத்தினத்தைத் தெற்கே ஒரு சிறைக்குக் கொண்டுபோனார்கள். பதினான்கு மாதம். மிஸ்ஸி மருந்தைச் செஞ்சிலுவைக்காரர் மூலம் அனுப்பிக்கொண்டிருந்தாள். வழக்கில்லை என்று விட்டபோது அவன் இடது கண்ணில் வெள்ளை பூத்திருந்தது. வலது கண் பிழைத்தது; ஆனால் அதிலும் தூரப்பார்வை மங்கல்.

வந்து மூன்றாம் நாள், காலையில் துணியை எடுத்து மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது அவனே பேச்செடுத்தான். உள்ளே ஒருத்தன் தனக்குத் துணி நனைத்து வைத்ததையும், மருந்து விட்டதையும், பாதி கன்னத்தில் வடிந்ததையும் சொன்னான். அவன் சொல்லித்தான் பூரணி வாசலில் நிற்பதே தெரியுமாம். பிறகு ஒருநாளும் அவன் வரவில்லை என்றான்.

அவள் மறைக்கவில்லை. சொல்லாதே என்று அந்த ஆள் கேட்டதையும், தான் போய்ச் சொன்னதையும், பிறகு அவனைக் காணாததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கையில் சீசா இருந்தது.

நல்லரத்தினம் எழுந்து போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தான். மருந்து நேரத்துக்கு அவள் போனபோது முகத்தை மட்டும் நிமிர்த்திக் காட்டினான். கோபமா, துக்கமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில்தான் வாய் திறந்தான்.

"நீ சொல்லாட்டி நான் இல்ல. அது எனக்குத் தெரியும் புள்ள. எண்டாலும் அந்த மனுசன்..."

மாதம் ஒரு தடவை மருந்துக்காக இருவரும் டவுனுக்குப் போவார்கள். வழியில் நாலைந்து இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து கடக்கவேண்டும். முகாமில் அவனுடைய கண் மூடிக் கிடந்ததால் அந்த ஆமிக்காரனின் குரலை மட்டும்தான் அவன் அறிவான். முகம் பூரணிக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சென்றியிலும் அவன் நடையைத் தளர்த்திக் காதைக் கொடுப்பான். அவள் முகங்களைப் பார்த்து வருவாள். தாண்டி வந்து பஸ்ஸில் ஏறியதும் அவன் கேட்பான்.

"அந்தாள் நிண்டவரா?"

"இல்ல," என்பாள். பிறகு மருந்து நேரம் பார்த்துச் சீசாவைத் திறப்பாள்.