குளியலறையில் விழாதவள்

விடுதியின் சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாக ஈர விரிப்புகளை உயரக் கம்பியில் தூக்கிப் போடுவதுதான் அவள் வேலை. ஊர்பேர் தெரியாதவர்களின் வியர்வையும் வாந்தியும் அவளுக்குப் பழகிவிட்டன. ஆனால் அன்று தோள்வலிக்காகப் போன மருத்துவரின் அறையில் அவளுக்கு நிஜமாகவே குமட்டியது.

"குளியலறையில வழுக்கி விழுந்தீங்களா? விடுதியிலேர்ந்து வந்த படிவத்துல அப்படித்தான் இருக்கு."

"நானா? யாரு எழுதினது?"

மருத்துவர் தாளைத் திருப்பிக் காட்டினார். சலவைக்கூட மேற்பார்வையாளரின் கையெழுத்து. அதாவது, அவள் நாத்தனாருடையது. தோள் வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம், "தலையணை சரியில்ல அண்ணி" என்று மழுப்பியவள்.

"விழுந்தா இப்படி ஆகாதும்மா," என்றார் மருத்துவர். "தசையை எலும்போட கட்டுற நாண் இது. கையைத் தலைக்கு மேல தூக்குறப்பல்லாம் எலும்புல உரசும். வருஷக்கணக்கா ஓய்வில்லாம உரசினா நைஞ்சு நூல் நூலாப் பிரியும். உங்களுக்குப் பாதி கிழிஞ்சிருக்கு. என்ன வேலை?"

சொன்னாள். வேலையால் வந்த காயம்தான் இது என்று அவர் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலமே நாத்தனார் பழப்பையோடு வந்துவிட்டாள். "யார் கேட்டாலும் விழுந்தேன்னே சொல்லிடுங்க அண்ணி. என் பேரு கெட்டுடும். நாம ஒரே குடும்பம்."

"அவ சொல்றதும் சரிதானே," என்றான் கணவன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் பழப்பையை இடது கையால் தள்ளினாள். "மூணு வாரமா உங்கண்ணன்தான் எனக்கு ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுறாரு. அதையும் படிவத்துல எழுதேன்."

கணவன் தலை குனிந்துகொண்டான். இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கடிதத்தை நேராக மேலாளரின் மேசையில் வைத்தாள். விசாரிக்க வந்தவரிடம் கூடத்திலிருந்த இன்னும் நான்கு பெண்கள், "எனக்கும்தான்" என்று தோளைத் தொட்டுக் காட்டினார்கள். கம்பி மார்பு உயரத்துக்கு இறங்கியது.

இரண்டு மாத ஓய்வும் பயிற்சியும் முடிந்து அவள் திரும்பினாள். கை காதுவரை எழுந்தது. அதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே நாத்தனார் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்:

"நான்தான் தொண்டை கிழியக் கத்திக் கம்பியை இறக்கவெச்சேன்."

அதைக் கேட்டவள், வாயில் ஊறிய எச்சிலைச் சாக்கடையில் துப்பிவிட்டு, முதல் விரிப்பை உதறினாள்.