உயர வரிசைத் தோழி

பள்ளி வன்முறை, இனிய குடும்பம், மாணவர் மனநலம் ஆகிய மூன்றையும் வாரம் ஒரு பீரியடில் முடித்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பீரியடுக்கு நாற்பது நிமிடம். வருகைப் பதிவுக்குப் பத்து, புகைப்படம் எடுத்து இணையத்தில் ஏற்றப் பதினைந்து. மிச்சப் பதினைந்து நிமிடத்தில் வன்முறையை ஒழிக்கும் பொறுப்பு கணக்கு டீச்சர் தலையில் விழுந்தது. புதன்கிழமை மூன்றாம் பீரியடில் அவர் சும்மா இருப்பதைக் கால அட்டவணை காட்டிக்கொடுத்திருந்தது.

திட்டத்தின் சிகரம் ‘பாதுகாப்புத் தோழி’. பலவீனமான ஒவ்வொரு மாணவிக்கும் பலமான ஒரு துணை. கழிவறைக்குப் போனாலும் கூடவே போவாள். யார் பலவீனம், யார் பலம் என்று டீச்சரைக் கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பார். தலைமையாசிரியர் கேட்கவில்லை. அவரிடம் விளையாட்டு விழாவுக்கு அளந்த உயரப் பட்டியல் இருந்தது. கடைசிப் பெண்ணை முதல் பெண்ணோடு கோர்த்தார். “அறிவியல் முறை” என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார்.

எட்டாம் வகுப்பின் கடைசிப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் ‘கொசு’. வைத்தவள் முதல் பெண், வாலிபால் அணியின் கேப்டன். கொசு கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதைக் கழிவறைச் சுவரோரம் தினமும் செய்து காட்டிவந்தாள். இதுவரை திருட்டுத்தனமாக. இப்போது ‘எங்கும் உன்னுடன்’ என்ற பச்சை பேட்ஜோடு.

“பாலுக்குப் பூனையக் காவல் வச்சிருக்கீங்க சார்” என்றார் டீச்சர். “அந்தப் பொண்ணு முழங்கையப் பாத்தீங்களா? கன்னிப்போயிருக்கு.”

“புகார் எழுத்துல இருக்கா?”

“போன மாசமே எழுதிக் கொடுத்தா. உங்க மேஜையில வச்சேனே.”

“அது திட்டத்துக்கு முன்னாடி, டீச்சர். இப்பத்தான் துணைக்கு ஆள் போட்டாச்சே! லிஸ்ட் ஏத்தியாச்சு. வருஷக் கடைசி வரைக்கும் லாக்.”

அடுத்த புதன்கிழமை கொசுவின் அம்மா வந்தாள். தையற்கடையில் வேலை, கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள்.

“மிஸ், அந்தப் பொண்ண இன்னைக்கு மாத்திட்டா இவ இங்கயே படிக்கட்டும். இல்லன்னா டிசி வாங்கிட்டுப் போறேன். இவ அப்பா ‘திருப்பி அடி’ங்கறார். அவ இவளவிட ஒரு முழம் ஒசரம். ஸ்டூல் போட்டு ஏறியா அடிப்பா?”

“ஒரு பீரியட் பொறுங்கம்மா. திட்டத்தைப் பாக்க மேலிடத்து அதிகாரி வர்றார். கேட்டுப் பாக்கறேன்” என்றார் டீச்சர். கடைசிப் பக்கத்து விடையை எட்டிப் பார்க்காமல் கணக்குப் போடும் ஒரே பெண் கொசு. அவளை இழக்க டீச்சருக்கு மனமில்லை.

அதிகாரி வந்தார். “வன்முறை எங்கே பிறக்கிறது? மனதில்!” என்றார். தலைமையாசிரியர் முதலில் கைதட்டினார், வகுப்பு பின்தொடர்ந்தது. பிறகு புகைப்படத்துக்காகத் தோழிகள் ஜோடி ஜோடியாகக் கைகோர்த்து நின்றார்கள். கேப்டன் கொசுவின் கையைப் பிடித்தாள்.

“ஏம்மா, முகத்தைத் தூக்கி வச்சிருக்க? சிரி!” என்றார் அதிகாரி.

கேப்டன் விரல்களை இறுக்கினாள். கொசுவின் பல் தெரிந்தது.

“அப்படித்தான்! எவ்வளவு இயல்பா இருக்கு!”

“அது சிரிப்பு இல்ல சார், வலி” என்றார் டீச்சர். “விரல நசுக்கறா. கைய விடுடி!”

கேப்டன் விட்டாள். சிவந்து கிடந்த நான்கு விரல்களை எல்லோரும் பார்த்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் மின்விசிறியைப் பார்த்தார்.

“இந்த ஜோடிய மாத்த முடியுமா சார்?” என்று அதிகாரியிடம் கேட்டார் டீச்சர்.

“தாராளமா. சம்பவ அறிக்கை ஒண்ணு எழுதிக் கொடுத்தா லாக்க எடுத்துடலாம்” என்றார் அதிகாரி.

தலைமையாசிரியர் அவர் காதருகே குனிந்தார். ரகசியம் மூன்றாம் பெஞ்ச் வரை கேட்டது. “சம்பவம்னு எழுதினா ‘வன்முறை பூஜ்யம்’ கேடயம் கையவிட்டுப் போயிடும் சார்.”

அதிகாரி யோசித்தார். கேடயம் கொடுக்கும் விழாவில் பேசவிருந்தவர் அவர்தான். “குழந்தைங்க விளையாட்டைச் சம்பவம்னு சொல்லக் கூடாது” என்றார்.

வாசலில் நின்ற அம்மா கேட்டாள்: “அப்ப அந்தப் பொண்ண மாத்த முடியாது?”

“சிஸ்டம் விடாதும்மா” என்றார் தலைமையாசிரியர்.

“சரி. என் பொண்ண மாத்திக்கறேன்.”

அதற்குச் சிஸ்டம் எந்த ஆட்சேபணையும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் டிசி தயார். விலகும் காரணம்: குடும்பச் சூழல். வகுப்பாசிரியர் என்ற முறையில் டீச்சரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா காகிதத்தைக் கிழித்தது.

“ஆறாவது கணக்கு முடிக்கல மிஸ்” என்றாள் கொசு.

“வீட்டுல முடி. சரியா வரும்.”

மறுநாள் காலை தலைமையாசிரியர் கணினியின் முன் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், இங்க வாங்க! சிஸ்டம் என்ன புத்திசாலி பாருங்க. நேத்து ஒரு இடம் காலியாச்சா? கேப்டனுக்கு அடுத்த குள்ளப் பொண்ண அதுவே போட்டுக்கிச்சு!”

முன் பெஞ்சில் உட்காரும் கண்ணாடிக்காரியின் பெயர் திரையில் மின்னியது.

இடைவேளை மணி அடித்தது. டீச்சர் ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குப் போனார். கேப்டன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“வாடி, பாத்ரூம் போகலாம்.”

“எனக்கு வரல” என்றாள் கண்ணாடிக்காரி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டே.

“நீ உக்காரு. நான் போறேன் இவகூட” என்றார் டீச்சர்.

“நீங்க லிஸ்ட்ல இல்லையே மிஸ்?”

“உன் தோளுக்குத்தான் வரேன். என்னைவிடக் குள்ளம் எங்க தேடுவ?” டீச்சர் அவள் சட்டையிலிருந்த பச்சை பேட்ஜைக் கழற்றித் தன் புடவையில் குத்திக்கொண்டார். “என்ன எழுதியிருக்கு இதுல? சத்தமா படி.”

“எங்கும் உன்னுடன்” என்று முணுமுணுத்தாள் கேப்டன்.

“இன்னைக்கு, நாளைக்கு, வருஷக் கடைசி வரைக்கும். நட.”