முத்திரை விழாத மனு

எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, தங்கச்சிமடத்து மீனவர் ஏழு பேர் இலங்கைச் சிறையில் இருந்தார்கள். ஆறு பேருடைய மனைவியரும் ஜெராக்ஸ் கடையில் ஒரே மனுவில் பெயரை மட்டும் மாற்றி அடித்து வாங்கினார்கள். ஜெபஸ்டினின் மனைவி கிறிஸ்டினாவுக்கு அது ஒப்பவில்லை. கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாதிரியார் எழுதக் கொடுப்பது அவளிடம்தான். மைப்பேனாவை எடுத்தாள். எட்டுத் தாள்களைக் கிழித்தெறிந்தபின், ஒன்பதாவதில் ஓர் அடித்தலும் இன்றி எழுதி முடித்தாள்.

இராமநாதபுரத்து ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் எழுத்தர் முத்துராமலிங்கம். முத்திரையை மையில் ஒற்றியவர், தாளைக் கண்டதும் கையை அந்தரத்தில் நிறுத்தினார்.

"இது நீங்க எழுதுனதாம்மா?"

"ஆமா சார்."

"இழுக்குற எடத்துல மை தடிக்கிது, தூக்குற எடத்துல மெலியுது. சுழி எங்கன தொடங்கி எங்கன முடியுதுன்னே தெரியல. இது மேல சீலு குத்துனா பாவம். வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

கணவன் பிடிபட்ட நாளிலிருந்து அவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. அந்த மகிழ்ச்சியில் ரசீது கேட்காமல் பேருந்து ஏறிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து ஆறு பேர் வீடு திரும்பினார்கள். ஜெபஸ்டின் வரவில்லை.

"எங்க மனுவுல எங்க வீட்டுக்காரரு பேரையே தப்பா அடிச்சிருந்தான்க்கா," என்றாள் பக்கத்து வீட்டு ஆன்சி. "அப்படியும் வந்துட்டாரு. ஒன்னோடது சித்திரமாச்சே, அண்ணன எங்க?"

மறுநாள் காலையில் கிறிஸ்டினா அலுவலகத்துக்குப் போனாள். முத்துராமலிங்கத்தின் நாற்காலிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அவளுடைய மனு தொங்கியது.

"வாங்கம்மா!" அவர் எழுந்தே நின்றார். "என் கைக்காசுல சட்டம் போட்டேன். பெரிய சாரே ரெண்டு நிமிசம் நின்னு படிச்சாரு."

"படிச்சாரா?"

"பாத்தாரு."

"நம்பர் போட்டீங்களா சார்?"

அவர் கண் மேசைமேல் இருந்த முத்திரைக்குப் போனது. முத்திரை விழாத மனுவுக்கு எண் இல்லை; எண் இல்லாததற்குக் கோப்பு இல்லை; கோப்பு இல்லாதவன் பெயர் விடுதலைக்கு அனுப்பிய பட்டியலில் ஏறவில்லை.

"வேற ஒண்ணு எழுதித் தாங்கம்மா, இப்பவே குத்திர்றேன். இது இப்படியே இருக்கட்டும்."

"கழட்டுங்க சார்."

கழற்றி மேசையில் வைத்தார். அவள் குனிந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. கணவனின் பெயர் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்திருந்தது. ஒரு குறையாவது இருந்திருக்கலாம்.

"பின்பக்கம் குத்தட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"முன்னாடியே குத்துங்க. நடுவுல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினார். ஊதா மை ஜெபஸ்டின் என்ற பெயரின்மேல் பரவியது. அதற்குக் கீழே எண்ணையும் அன்றைய தேதியையும் எழுதினார். இரண்டையும் அவள் ஒருமுறை சரிபார்த்தாள்.

"ரசீது குடுங்க சார்."