கசிஜா வீட்டைக் கேளுங்கள்

முப்பத்தேழு வருடம் கழித்து பிர்கித் ஆப்பிரிக்கத் தீவுக் கிராமமான முவம்பானிக்கு வந்து இறங்கிய நேரத்தில், கசிஜா பக்கத்து ஓட்டலின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

கதவு வைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அங்கே கதவும் இல்லை, சுவரும் இல்லை. ஊரிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் வாளியும் கம்பியும் எடுத்துக்கொண்டு, பாறைப் பொந்தில் ஒளியும் எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிக்க அந்தப் பாதையில்தான் போவார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் இருந்த மனைகளை ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். நடுவில் கிடந்த பாதை தங்களுடையதுதான் என்று அவர்களாகவே முடிவு செய்து சுவர் எழுப்பிவிட்டார்கள். இனிப் பள்ளிவாசலைச் சுற்றி வடக்குத் துறை வழியாகத்தான் போகவேண்டும். அதற்கு அரை மணி நேரம். கடல் வற்றிக் கிடப்பதே இரண்டரை மணி நேரம்தான்.

"டேய் கதிபு, உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். எனக்கே கதவைச் சாத்துறியா?"

காவலுக்கு நின்ற கதிபு அவளுடைய தங்கை டாட்டுவின் மகன். நாற்பது வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினான்.

"பெரியம்மா, சத்தம் போடாதீங்க. மேல கேமரா இருக்கு. நானா சாத்துறேன்? என் சம்பளம் சாத்துது."

"உன் சம்பளத்தை இங்க கூப்பிடு. நான் பேசிக்கிறேன்."

அப்போதுதான் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரி இறங்கினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு, பெட்டியில் பல காலம் மடித்து வைத்திருந்த துணியைப் பிரிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக ஊர்ப் பாஷையில் கேட்டாள்.

"கசிஜா வீடு எங்க இருக்கு?"

அந்தக் கேள்வி கசிஜாவின் காதில் விழுந்து பதினைந்து வருடம் இருக்கும். ஒரு காலத்தில் வாரத்துக்கு நாலு பேராவது கையில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு அதைக் கேட்டபடி வருவார்கள். திரும்பிப் பார்த்தாள். வந்தவள் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, கொக்குமாதிரி நின்றிருந்தாள்.

"பிரிகிதியா?" ஊரில் யாருக்குமே அந்தப் பெயர் சரியாக வாயில் வந்ததில்லை. "அடியே, பிரிகிதி! பல்லுக்கு நடுவுல அந்தச் சந்து இன்னும் அப்படியே இருக்கே!"

வெள்ளைக்காரி சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே அழ ஆரம்பித்தாள். கதிபு என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் கசிஜாவுக்கு இருபத்தைந்து வயது. கல்யாணமாகி ஒரு வருடம். தேங்காய் ஏற்றப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டு டென்மார்க்குக்காரி ஒருத்தி வந்து இறங்கினாள். இறங்கிய மூன்றாம் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். கசிஜாதான் கஞ்சி ஊற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு எழுப்பி உட்காரவைத்தாள். ஏழு வாரம் தங்கிய பிர்கித், வேறு வழியில்லாமல் பாஷையைக் கற்றுக்கொண்டாள். இஞ்சித் தேநீர் போடவும், தேங்காய் துருவும் பலகைமேல் உட்கார்ந்து விரலைக் கிழித்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். போன பிறகு இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

இப்போது அதே வீட்டின் பின்கட்டில், இஞ்சித் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, பிர்கித் பையிலிருந்து முதுகு ஒட்டுப்போட்ட பழைய புத்தகம் ஒன்றை எடுத்தாள். பயணிகளுக்கான கையேடு. முவம்பானியைப் பற்றி அதில் அரைப் பக்கம் இருந்தது. அதை எழுதியவள் அவள்தான்.

"கசிஜா, நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன். வழியெல்லாம் பாத்துட்டு வந்தேன். மணல் இருந்த இடத்துல நாலு மாடி. ஆமை முட்டை போட்ட இடத்துல வண்டி ஓட்டி விளையாடுறாங்க. கடலையே காணோம், சுவர்தான் இருக்கு. யாருக்கும் தெரியாத இடத்தை நான்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். நான்தான் கெடுத்தேன்."

கசிஜா சிரித்த சிரிப்பில் தேநீர் இடுப்பில் சுற்றியிருந்த கங்காத் துணியெல்லாம் சிந்தியது.

"நீ ஒருத்தியா? அரைப் பக்கத்துலயா? விமானத்தைக் கொண்டுவந்தது நீயா? தார் ரோடு போட்டது நீயா? நிலத்தை வித்துட்டுப் பட்டணத்துல வீடு கட்டினானே என் கொழுந்தன், அவன் காதுல ஓதினதும் நீதானா? என்ன பெருமைடி உனக்கு!"

பிர்கித்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கசிஜாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். அவளுக்கு அந்தப் பாஷை படிக்க வராது. ஆனாலும் ஒரு வரியின் கீழே சரியாக விரலை வைத்தாள்.

"இங்க நீ என்ன எழுதியிருக்கன்னு படி."

பிர்கித் படித்தாள். குரல் இறங்கிக்கொண்டே போனது. "ரோடு ரொம்ப மோசம். இந்த ஊரோட அதிர்ஷ்டமே அதுதான். கசிஜா வீட்டைக் கேளுங்கள்."

"இங்க தங்கின பொண்ணு ஒருத்தி இதை எனக்குப் படிச்சுக் காட்டினா. நல்ல பொண்ணு, பாவம், சந்தோஷப்படுவேன்னு நெனச்சா. நீ போன மறுவருஷம் எனக்கு வலி எடுத்துச்சு. குழந்தை குறுக்க இருக்கு, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கன்னுட்டாங்க. அதே தேங்காய் லாரி. அதே ரோடு. அஞ்சு மணி நேரம். பாதி வழியிலேயே முடிஞ்சுபோச்சு. ஆம்பளப் புள்ள."

பிர்கித் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"அடுத்தவ சுபிரா பொறந்தப்போ ரோடு வந்துடுச்சு. முக்கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி. உன் புத்தகத்தைப் பாத்து வந்தவங்க குடுத்த காசுலதான் அவ நர்ஸுக்குப் படிச்சா. அதே ஆஸ்பத்திரிலதான் வேலை பாக்குறா." கசிஜா புத்தகத்தை மூடினாள். "அந்த வரிக்கு மட்டும் மன்னிப்புக் கேளு. மீதிக்கு வேண்டாம்."

பிர்கித் கேட்டாள். அந்தப் பாஷையில் அதற்குச் சரியான சொல் அவளுக்கு நினைவில்லை. ஆகவே சின்னப்பிள்ளைகள் சொல்கிற சொல்லால் கேட்டாள். கசிஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான் சிலது போயிடுச்சுன்னு இருக்கு," என்றாள் பிறகு. "அப்போ வந்தவங்களுக்கு நாங்க வேணும். தண்ணி வேணும்னாலும் எங்களைத்தான் கேக்கணும், வழி வேணும்னாலும் எங்களைத்தான் கேக்கணும். அடுப்படியில வந்து உக்காருவாங்க. யாருக்கு யார் என்ன உறவுன்னு மனப்பாடமா சொல்லுவாங்க. இப்போ வர்றவங்களுக்குக் கடல் மட்டும் போதும். பத்து நாள் இருந்துட்டுப் போறான், என் பேரு தெரியாது அவனுக்கு. அதுக்கும் மேல, இப்போ கடலுக்கே விட மாட்டேங்குறாங்க. நாளைக்குக் காலையில ஊர்த்தலைவர் ஷேஹா இந்தக் கதவைப் பத்திக் கூட்டம் வெச்சிருக்காரு. நீயும் வா."

பிர்கித்தின் முகம் மாறியது. மறுபடி புத்தகத்தைத் திறந்தாள். அரைப் பக்கத்தின் அடியில், அவள் கையால் வரைந்த சின்ன வரைபடம் இருந்தது. "இதோ, பாதை! 'பெண்கள் கடலுக்குப் போகும் வழி'ன்னு எழுதியிருக்கேன். அச்சுல இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அன்றிரவு கசிஜாவைவிட அவள்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடந்தது. ஊர்த்தலைவரான ஷேஹா ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓட்டல் மேலாளர் மசாவே பெருநிலத்து மலைப்பக்கத்துக்காரர். கடற்கரைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் நாற்பது பேர், வாளியும் கம்பியுமாகவே வந்திருந்தார்கள். அன்றைக்குப் பெரிய வற்று.

பிர்கித் எழுந்து, எல்லாருக்கும் தெரியும்படி புத்தகத்தை விரித்துப் பிடித்தாள். ஷேஹா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மசாவேயும் எழுந்து வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், மரியாதையாகவே கேட்டார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இதுல பாதை கிணத்துக்கு வடக்கே போகுது. இங்க தெற்கேல்ல இருக்கு? அப்புறம் கடல்... கடலை மேற்கால போட்டிருக்கீங்களே?"

ஷேஹா படத்தைத் திருப்பிப் பார்த்தார். உண்மைதான். சூரியன் உதிக்கிற பக்கத்துக் கடலை அவள் மறையும் பக்கம் வரைந்திருந்தாள். யாரோ ஒருத்தி "க்ளுக்" என்றாள். அவ்வளவுதான், வகுப்பறையே குலுங்கியது.

"இந்தப் படத்தைப் பாத்து வந்த அத்தனை பேரும் ஏன் பாத்திமா ஆட்டுக்கொட்டாயில போய் நின்னாங்கன்னு இப்பத்தான் தெரியுது!" என்றாள் டாட்டு.

"எனக்கு அப்போ காய்ச்சல்," என்றாள் பிர்கித், காதுவரை சிவந்துபோய்.

சிரிப்பு அடங்கியதும் ஷேஹா தொண்டையைக் கனைத்தார். மாவட்டத்துக்கு எழுதுவதாகவும், அளவெடுக்க ஆள் வருவார்கள் என்றும், அதுவரை எல்லாரும் பொறுமையாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார்.

"எவ்வளவு நாள்?" என்றாள் கசிஜா.

"ஒரு மாசம். ரெண்டு மாசமும் ஆகலாம்."

கசிஜா எழுந்து கங்காவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "நீங்க எழுதுங்க, ஷேஹா. நல்லா எழுதுங்க. ஆனா கடல் கடுதாசிக்காக நிக்காது. பத்தரைக்கு வத்திடும்." வாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

இதை அவள் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. பத்தடி நடந்தபிறகுதான், பின்னால் நாற்பது வாளிகளின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடுமோ என்று பயம். பிர்கித் மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கதிபு நின்றான். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, காலைச் சாப்பாட்டுத் தட்டோடு விருந்தினர்கள் வந்து நின்று பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற டாட்டு மகனை நேராகப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தின் வியர்வையை மட்டும் துடைத்துக்கொண்டாள். கதிபுவின் கண் அம்மாவிடமிருந்து கேமராவுக்கும், கேமராவிலிருந்து அம்மாவுக்கும் போய்ப் போய் வந்தது.

மசாவே வியர்வையில் நனைந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். பெண்களைக் கடந்து கதவருகே போய் நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. வழிவிட்டார்கள்.

"ஐயா, உங்க ஊர்ல கடல் இல்ல," என்றாள் கசிஜா. "உங்க அம்மா என்ன வேலை பாத்தாங்க?"

"வாழைத்தார் சுமந்து சந்தையில விப்பாங்க."

"சந்தைக்குப் போற வழியில யாராவது கதவு வெச்சாங்களா?"

மசாவே தரையைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு மேலே முதலாளிகள் இருந்தார்கள். அவர்கள் வேறொரு கண்டத்தில் இருந்தார்கள்.

"திற, கதிபு," என்றார் கடைசியில். "வத்து நேரத்துல மட்டும். மேல கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"வத்து எப்போன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கசிஜா.

"தெரியாது."

"தினம் ஒரு நேரம் மாறும். காலையில காலையில வந்து நான் சொல்றேன். தேநீர் குடுப்பீங்கல்ல?"

கதிபு பூட்டைத் திறந்த வேகத்தில் சாவியே கீழே விழுந்தது. நாற்பது பேரும் தட்டோடு நின்ற விருந்தினர்களைக் கடந்து இறங்கினார்கள். கடல் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈர மணலும், தேங்கிய நீரும், அதற்கப்பால் கறுத்த பவளப்பாறையும் பளிச்சென்று கிடந்தன. பிர்கித் நின்று பார்த்தாள். திரும்பினால்தான் நாலு மாடி தெரியும். முன்னால் பார்த்தால் எல்லாம் அப்படியேதான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"வாயைப் பாக்காத, காலைப் பாரு," என்றாள் கசிஜா. "கடல் முள்ளெலி கெடக்கு, குத்திடும்."

அன்று கசிஜாவுக்கு ஆறு பேய்க்கணவாய் கிடைத்தது. பிர்கித்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொந்து என்று நினைத்து வெறும் நிழலைக் குத்திக்கொண்டிருந்தாள். பட்டணத்தில் எடுத்திருந்த அறையை அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பின்கட்டு அறையில் ஐந்து வாரம் இருந்தாள். காலையில் கசிஜாவோடு அவளும் ஓட்டலுக்குப் போய், வற்றுநேரம் சொல்லிவிட்டு மசாவேயின் தேநீரைக் குடித்துவிட்டு வருவாள். நாலாம் வாரம் மாவட்டத்திலிருந்து அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய பழைய ஏட்டில் அந்தப் பாதை பொதுவழி என்றே இருந்தது, கிணற்றுக்குத் தெற்கே. கதவைக் கழற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் கழற்ற உதவினார்கள். கதிபு இப்போது ஓட்டலின் முன்வாசலில் நிற்கிறான்.

ஓட்டலில் தங்கியிருந்த ஒரு ஜோடி, இன்னும் ஒரு பெரியவர் என்று தினமும் இரண்டு மூன்று பேர் பெண்களுக்குப் பின்னால் பாறைக்கு வர ஆரம்பித்தார்கள். எங்கே கால் வைக்கலாம் என்று கேட்டார்கள். டாட்டு அவர்களை நன்றாக மிரட்டி வேலை வாங்கினாள்.

பிர்கித் கிளம்பவேண்டிய நாளன்று டாக்ஸி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாறைவரை நடந்தாள். கசிஜா முழங்கால் தண்ணீரில் குனிந்து ஒரு பொந்தைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"கிளம்புறேன், கசிஜா."

"சட்டுனு சொல்லிட்டுப் போ. தண்ணி ஏறுது." நிமிர்ந்தாள், ஈரக் கையை பிர்கித்தின் கன்னத்தில் அழுத்தித் துடைத்தாள். "அடுத்த தடவை முப்பத்தேழு வருஷம் ஆக்காத. ரெண்டு பேருக்கும் வயசாகுது."

"அடுத்த வருஷமே வரேன்."

"வரும்போது ரப்பர் செருப்பு நாலு ஜோடி கொண்டா. டாட்டுக்கு எட்டாம் நம்பர்," என்று சொல்லிவிட்டு, கசிஜா மறுபடி குனிந்து கம்பியைப் பொந்துக்குள் விட்டாள்.