தண்ணி வருகுதில்லை

கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் சிவதர்சினி ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் தம்பி வீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஏன் போகிறாள் என்று வினோதனுக்கு விளங்கவில்லை.

தம்பி அஜந்தன் முழங்காவிலில் இருந்தான். கலியாணத்துக்கு முன்னர் அவளும் அந்த வீட்டில்தான் இருந்தவள். முதல் பஸ்ஸில் போவாள். அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்பாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி, ஜெயபுரம் முன்பள்ளி வாசலிலேயே இறங்கிவிடுவாள். அவள் அங்கே ஆசிரியை. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் எல்லாம் வழக்கம்போலத்தான். சமைப்பாள், முன்பள்ளிப் பிள்ளைகளின் குழப்படியைச் சொல்லிச் சிரிப்பாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இரவில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் காணும் என்று எழும்பிவிடுவாள்.

“அங்கை ஒவ்வொரு நாளும் என்ன அலுவல்?” என்று வினோதன் கேட்டான்.

“தர்மிளான்ரை பிள்ளையைப் பாக்கத்தான். இப்ப முகம் பாத்துச் சிரிக்குது.”

தர்மிளா அஜந்தனின் மனைவி. பிள்ளை பிறந்தது உண்மைதான். ஆனால் இருட்டோடு எழும்பிப் போய்ப் பார்க்கிற அளவுக்கு அந்தப் பிள்ளையில் என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் அது நித்திரையல்லவா கொள்ளும்?

வினோதனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கச்சான் கடலையும் நெல்லும் பயிர் செய்கிறவன். அவனுடைய தகப்பன் இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். சிவதர்சினியின் ஆட்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இந்தச் சம்பந்தத்தை இரண்டு பக்கத்திலும் விரும்பாதவர்கள் இருந்தார்கள். அதனால் அவள் முகம் கொஞ்சம் வாடினாலும் வினோதன், இந்த வீடு பிடிக்கவில்லையோ, தன்னைத்தான் பிடிக்கவில்லையோ என்று யோசிப்பான். கேட்கப் பயம். கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டால்?

பக்கத்துக் காணியில் இருந்த அவனுடைய அக்கா கமலேஸ்வரி வேலியடியில் வந்து நின்றாள்.

“உன்ரை மனுசி ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்கு நிக்கிறாளாம். ஏதும் பிரச்சினையோ?”

“ஒண்டும் இல்லையக்கா.”

“ஒண்டும் இல்லாமல் ஒருத்தி விடியப்புறம் தம்பி வீட்டை ஓடுவாளே? நீ ஏதும் சொன்னனியோ? அந்தக் கையைப் பற்றி ஏதும் வாய் தவறி…”

“விசர்க் கதை கதையாதையக்கா.”

சிவதர்சினிக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. போர் முடிந்த வருடத்தில் போனது. வினோதன் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வந்ததாகவும் அவனுக்குத் தோன்றவில்லை. ஒற்றைக் கையால் அவள் தேங்காய் துருவுவாள், தலை பின்னுவாள், அவனைவிட வேகமாக வெங்காயம் உரிப்பாள்.

யோசித்துப் பார்த்ததில் அவனுக்கு இரண்டு விடயம் ஞாபகம் வந்தது. இந்தப் போக்குவரத்துத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர் அவள் குளியலறையில் இருந்து வந்து, “இஞ்சேருங்கோ, தண்ணி வருகுதில்லை” என்று சொன்னாள். அவன் உடனே மோட்டரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினான். வழிந்து முற்றமெல்லாம் ஓடியது. பைப்பைத் திறந்து காட்டி, “வருகுது பாரும், நல்லாய் வருகுது” என்றான். அவள் பைப்பையும் பார்த்து அவனையும் பார்த்துவிட்டு, “ஓம்” என்றாள்.

பிறகு ஒருநாள், “அது அடைச்சிட்டுது போல கிடக்கு” என்றாள். அவன் நீண்ட கம்பி ஒன்றைத் தேடி எடுத்துக் கக்கூஸ் கொமட்டுக்குள் விட்டு ஆட்டினான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். எல்லாம் கடகடவென்று போனது. “ஒண்டும் அடைக்கேல்லையே!” என்று சத்தம் போட்டுச் சொன்னான். அவள் வெறும் வாளியை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

தண்ணீருக்கும் குறைவில்லை, அடைப்பும் இல்லை. பிறகு என்ன?

அன்று முன்பகல், அவள் முன்பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, வினோதன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முழங்காவிலுக்குப் போனான். அஜந்தன் வாசலுக்கே ஓடிவந்தான்.

“வாங்கோ அத்தான். அக்காவுக்கு ஏதுமோ?”

“அதைத்தான் தம்பி நான் உம்மட்டைக் கேக்க வந்தனான்.”

இருவரும் கதிரையில் இருந்தார்கள்.

“அக்கா பிள்ளையைப் பாக்கத்தான் வாறா எண்டு நினைச்சனான்,” என்றான் அஜந்தன். “ஆனால் பிள்ளை நித்திரை. எழுப்பவும் விடமாட்டா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவா. எனக்கும் பயமாய்த்தான் கிடந்தது, அத்தான். உங்களுக்கை ஏதும் சண்டையோ எண்டு.”

“சண்டை ஒண்டும் இல்லை. சிரிச்சுத்தான் கதைக்கிறா.”

“சிரிச்சாவோ?” அஜந்தனுக்கு இன்னும் குழப்பமாகப் போயிற்று.

உள்ளே பிள்ளையை மடியில் வைத்திருந்த தர்மிளா அங்கிருந்தே சொன்னாள். “மச்சாள் வந்தவுடனை பாக்கை வைச்சிட்டு நேராய்ப் போறது குளியலறைக்குத்தான். வந்து முகம் கழுவினாப் பிறகுதான் தேத்தண்ணி. நான் கனநாளாய்க் கவனிச்சனான்.”

அஜந்தன் மெதுவாகக் கேட்டான். “அத்தான், கலியாணத்துக்கு முதல் நான் அங்கை வந்து பூட்டினது வேலை செய்யுதோ?”

“எது?”

“கொமட்டிலை, அந்த வெள்ளைச் சாமான்.”

வினோதனுக்கு ஞாபகம் வந்தது. கலியாணத்துக்காகப் புதுக் குளியலறை கட்டும்போது, குந்துற கக்கூஸ் வேண்டாம், இருக்கிற கொமட் வையுங்கோ அத்தான் என்று அஜந்தன்தான் கேட்டிருந்தான். பிறகு ஒருநாள் வினோதன் வயலில் நின்ற நேரம் வந்து, இருக்கைக்குக் கீழே எதையோ பூட்டிவிட்டுப் போனான். பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. சுவரில் இருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்குப் போயிற்று. கொமட்டைக் கழுவுகிற ஏதோ புது முறை என்று வினோதன் நினைத்துக்கொண்டான். அவன் வாளியும் கோப்பையும் பாவிக்கிறவன். அதைத் தொட்டதே இல்லை.

“அது கொமட் கழுவுறதுதானே?”

அஜந்தன் மனைவியின் பக்கம் திரும்பினான். தர்மிளா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

“கொமட் கழுவுறதில்லை அத்தான்… ஆளை.”

“எந்த ஆளை?”

“வாங்கோ, காட்டுறன்.”

அஜந்தன் வீட்டுக் குளியலறையிலும் அதேபோல ஒன்று இருந்தது. அஜந்தன் இருக்கையை நிமிர்த்திவிட்டுத் திருகைத் திருப்பினான். சின்னக் குழல் ஒன்று வெளியே நீண்டது. அடுத்த கணம் தண்ணீர் மேலே பாய்ந்து வினோதனின் சேர்ட்டை நனைத்தது. அவன் பின்னுக்குத் துள்ளினான். நனைந்த சேர்ட்டோடு அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு நின்றான். அது எங்கே பாயும், எதற்குப் பாயும் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. விளங்கிய பிறகும் முழுதாக விளங்கவில்லை. இதற்காகவா பஸ் ஏறிப் போனாள்?

“அங்கை கிணத்துத் தண்ணிதானே,” என்றான் அஜந்தன். “தண்ணி சுட வைக்கிற கேத்தலுக்கை வெள்ளையாய்ப் படியுமல்லே, அது இதுக்கையும் படியும். மாசத்துக்கு ஒருக்காக் கழுவ வேணும். நான் சொல்ல மறந்திட்டன். இப்ப வந்து செய்து தாறன்.”

“வேண்டாம் தம்பி. எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லும்.”

அஜந்தன் சொன்னான். முதலில் சுவரில் உள்ள வால்வைத் திருகிப் பூட்ட வேண்டும். குழாயைக் கழற்றினால் அதன் வாயில் சின்ன வலை ஒன்று இருக்கும், அதில் மண் நிற்கும், அலசிப் போட வேண்டும். குழலைச் சமையல் வினாகிரியில் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கும் பிரஸ்ஸால் தேய்க்க வேண்டும். ஊசியால் குத்தக்கூடாது, குத்தினால் ஓட்டை பெருத்துத் தண்ணீர் கண்டபடி போகும்.

வீட்டுக்கு வந்து வேலையில் இறங்கிய வினோதன் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தான், முதலாவதைத் தவிர. குழாயைக் கழற்றியதும் தண்ணீர் சீறிக்கொண்டு அடித்தது. வால்வு எது என்று தேடிப் பிடித்துப் பூட்டுவதற்குள் தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டான். பிறகு இருக்கையையும் அந்தச் சாமானையும் கழற்றி வெளிச்சத்துக்காக முற்றத்துக்குக் கொண்டுவந்தான். வலையில் சிவப்பு மண் அப்பியிருந்தது. குழலின் நுனி முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. ஓட்டைகளில் ஒன்றுதான் அரைகுறையாகத் திறந்திருந்தது. மாஜரீன் வந்த வெறும் டப்பாவில் வினாகிரியை ஊற்றிக் குழலின் நுனியை அதற்குள் வைத்தான். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. அவன் பக்கத்தில் குந்தியிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கமலேஸ்வரி வேலியைத் தாண்டி வந்தாள்.

“என்னடா இது? கக்கூஸைக் கழட்டி முற்றத்திலை பரப்பி வைச்சிருக்கிறாய்?”

“கழுவுறன்.”

“வினாகிரியிலையோ? ஏன் இப்பிடி நனைஞ்சிருக்கிறாய்?” அவள் குனிந்து டப்பாவை மணந்து பார்த்தாள். “டேய், உனக்கு உண்மையாய் என்னடா நடந்தது? அவள் அங்கை ஓடுறாள், நீ இஞ்சை கக்கூஸுக்கு அச்சாறு போடுறாய்.”

“பிறகு வாங்கோக்கா. வேலை கிடக்கு.”

கமலேஸ்வரி போகும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

சிவதர்சினி வந்தபோது அவன் பிரஸ்ஸால் தேய்த்துக்கொண்டிருந்தான். படலையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். முற்றத்தில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஆர் சொன்னது?” என்று கேட்டாள்.

“அஜந்தன்.”

“அவனுக்குத் தெரியாதே?”

“ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சது.” அவன் பிரஸ்ஸைக் கீழே வைத்தான். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனான்தானே. தண்ணி வருகுதில்லை எண்டு சொன்னன். நீங்கள் தாங்கியை நிரப்பினீங்கள். அடைச்சிட்டுது எண்டு சொன்னன். கம்பியை விட்டுக் குத்தினீங்கள். அதுக்குமேலை எப்பிடிச் சொல்லுறது? அதுக்கு ஒரு பேர்கூட எனக்குத் தெரியாது.”

“வாளித் தண்ணியிலை கழுவ…” என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான்.

அவள் திண்ணைப் படியோ கதிரையோ தேடவில்லை. வெறும் நிலத்திலேயே அவனுக்கு எதிரே இருந்தாள். இருந்த ஒற்றைக் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு இருக்கிறது இந்த ஒரு கைதான். இதாலைதான் சோறு குழைக்கிறன். இதாலைதான் உங்களுக்குப் போடுறன், முன்பள்ளியிலை பிள்ளைகளுக்கு வாயிலை தீத்துறன். முந்தி வேறை வழியில்லாமல் எல்லாத்தையும் இதாலைதான் செய்தனான். பிறகு எவ்வளவு சோப் போட்டுக் கழுவினாலும் சாப்பிட மனம் வராது. அஜந்தன் தன்ரை வீட்டிலை உதைப் பூட்டித் தந்த பிறகுதான் நான் மனிசரோடை இருந்து சாப்பிடப் பழகினனான். அதாலைதான் இரவுச் சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டு விடிய அங்கை போனனான்.”

வினோதன் அவளுடைய கையைப் பார்த்தான். அந்தக் கை பரிமாறியதை இவ்வளவு நாளும் சாப்பிட்டிருக்கிறான். அவனுக்கு இரண்டு கைகள் இருந்தன. எந்தக் கை எதற்கு என்று சின்ன வயதில் பழகியதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

“நீரே கழட்டிக் கழுவியிருக்கலாமே?” என்று கேட்டான். கேட்ட பிறகுதான் கீழே நட்டைப் பிடிக்க ஒரு கையும் மேலே ஆணியைத் திருப்ப ஒரு கையும் வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. “சரி, சரி,” என்றான். “எனக்கு இண்டைக்கு ஒண்டும் ஒழுங்காய் ஓடுதில்லை.”

“எனக்குப் பயமாய்க் கிடந்தது,” என்றாள் அவள். “பெரிய இடத்துப் பழக்கத்தோடை வந்திருக்கிறாள் எண்டு உங்கடை ஆக்கள் நினைப்பினமோ எண்டு.”

“நான் நினைச்சது, நீர் இந்த வீட்டை விட்டுப் போகப் பாக்கிறீர் எண்டு.”

அவள் திகைத்துப் போனாள். “ஏன் அப்பிடி நினைச்சனீங்கள்?”

“நீர் சிரிச்சுக்கொண்டு போனீர். அதாலை.”

அவளுக்கு அது விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கப்படுத்தத் தெரியவில்லை.

இருவரும் சேர்ந்து பூட்டினார்கள். அவள் கீழே கையை விட்டு நட்டைப் பிடித்தாள், அவன் மேலே திருப்பினான். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கறுப்பு ரப்பர் வாசர் நிலத்தில் மிஞ்சிக் கிடந்தது. எங்கே இருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. வால்வைத் திறந்ததும் குழாயடியில் ஒழுகியது. “அப்ப உதுதான் அங்கை,” என்றாள் அவள். மறுபடியும் கழற்றி, வாசரைப் போட்டு இறுக்கினார்கள். ஒழுக்கு நின்றது.

“திருகை மெல்லத் திருப்புங்கோ,” என்றாள். அவன் மெல்லத்தான் திருப்பினான், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருப்பினான். குழலின் மேல் தண்ணீர் வழிந்து கொமட்டுக்குள் விழுந்தது.

“பழையபடி அடைச்சிட்டுதோ?”

“இல்லை. அந்தப் பக்கம் திருப்பினால் குழல் தன்னைத் தானே கழுவும். மற்றப் பக்கம்.”

மற்றப் பக்கம் திருப்பினான். தண்ணீர் நேராக எழும்பிக் கூரைத் தகட்டில் அடித்து இரண்டு பேர் மேலும் கொட்டியது. சிவதர்சினி சத்தம் போட்டுச் சிரித்தாள். வினோதனுக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அடுத்த நாள் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. அன்று விடிய, அவளுக்குத் தெரியாமல் வினோதன் தானும் ஒருமுறை அதில் இருந்து பார்த்தான். உள்ளேயிருந்து “ஐயோ!” என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னப்பா?” என்று அவள் கதவடியில் வந்து கேட்டாள்.

“ஒண்டுமில்லை. குளிருது.”

அவனுக்கு வாளிதான் சரி. ஆனால் மாதம் பிறந்ததும் வால்வை முதலில் பூட்டிவிட்டு, வலையை அலசி, குழலை வினாகிரியில் வைப்பான். கமலேஸ்வரி வேலியடியில் நின்று பார்ப்பாள். ஒருநாள் அவளே வந்து கேட்டாள்.

“தம்பி, எனக்கு முழங்கால் மடக்கிக் குந்த ஏலாமல் கிடக்கு. உந்தக் கொமட்டும் சாமானும் எங்கை வாங்கினது?”