வாசனை பார்க்க வந்தவர்கள்

சியாமளா மாமியின் கூடத்தில் ஆறு பேர் மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"வருதா?"

"எனக்கு வரல. உங்களுக்கு?"

"பொறுங்க சார். இன்னும் எண்ணெயில போடவே இல்ல போலிருக்கு."

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனக்கோடியின் குரல் வந்தது. குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள், கடல் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை.

"போட்டாச்சு சார்! இறாலு எண்ணெல கீது! நல்லா மோந்து பாத்துக்கினு சொல்லுங்க!"

நகர் நலச் சங்கத்தின் செயலாளர் லட்சுமணன் கையை உயர்த்தினார். அணு ஆராய்ச்சி மையத்தில் முப்பது வருஷம் எதையாவது அளந்துகொண்டே இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் அகப்படாமல் சங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் பேசாதீங்க. கடல் காத்து இப்ப கிழக்கேருந்து அடிக்குது. ஜெஸ்ஸி வீடு கிழக்க, இந்த வீடு மேற்க. வரணும்னா இப்பத்தான் வரணும். மூச்சை இழுங்க."

ஆறு பேரும் இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமி தட்டை ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"சூடா இருக்கறச்சயே குடிச்சுடுங்கோ."

புது டிகாக்‌ஷன். கூடம் முழுக்கக் காபி மணந்தது.

"என்ன மாமி நீங்க! நாங்க எதுக்கு வந்திருக்கோம்!"

"ஏன், சர்க்கரை கம்மியா?"

"இனிமே என்னத்த மோந்து பாக்கறது?"

மூலையில் இருந்தவர் சொன்னார்: "சார், பேசாம மாமியோட காபிக்கு ஆட்சேபம் எழுதிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். லட்சுமணன் மட்டும் சிரிக்காமல் டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டு, "இன்னிக்கி டெஸ்ட் செல்லாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார். அதற்கப்புறமும் யாரும் எழுந்திருக்கவில்லை. புதுப்பட்டினம் கடைத்தெருவில் தக்காளி விற்கிற விலையைப் பேசி, மகாபலிபுரம் பஸ் சரியாக வராததைப் பேசி, விளக்கு ஏற்றும் நேரத்துக்குத்தான் கிளம்பினார்கள். மாமி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். கணவர் இருந்த காலத்துக்குப் பிறகு அந்த டம்ளர்கள் பரண் மேலேயே கிடந்தவை.

கணவர் மையத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மனை வாங்கி, ஓய்வுப் பணத்தில் வீடு கட்டி, புழங்கிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். ஒரே பிள்ளை அரவிந்தன் புனேயில். ஞாயிறு ராத்திரி தவறாமல் போன் பண்ணுவான்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. மாத்திரை போட்டுண்டியா?"

"போட்டுண்டேன்."

"வேற என்னம்மா?"

"வேற ஒண்ணுமில்லடா."

அவ்வளவுதான். வாரம் முழுக்க அவள் வாய் திறந்து பேசியதில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

மாமி பொய்ப் புகார் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி நாகர்கோவில்காரி. கணவன் ஜெபகுமாருக்கு மையத்தில் உத்தியோகம். அவள் இறால் ஊறுகாய் போட்டு விற்க ஆரம்பித்தபோது, வறுக்கிற நெடி நேராக மாமியின் சமையலறை ஜன்னலில்தான் நுழைந்தது. பிறந்ததிலிருந்து மீன் பக்கம் போகாத மூக்கு. சாதத்தைப் பிசைய முடியாமல் எழுந்து போய் லட்சுமணனிடம் சொன்னாள். அவர் சட்டத்தை எடுத்து வைத்தார். குடியிருப்புக்குள் தொழில் செய்வதென்றால் ஒட்டின வீட்டுக்காரர் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் சங்கம் கடிதம் தரும், கடிதம் இருந்தால்தான் பஞ்சாயத்து லைசென்ஸ் தரும்.

ஜெபகுமார் உடனே ஒரு தகரக் குழாய் வாங்கிவந்து, மின்விசிறி வைத்து, புகை மொட்டைமாடிக்கு மேலே போகும்படி செய்துவிட்டான். குழாய் வந்த அன்றைக்கே நெடி நின்றுபோனது. ஆனால் அதற்குள் சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள், ஞாயிறு மூன்று மணிக்கு மாமி வீட்டில் உட்கார்ந்து வாசனை பார்ப்பதென்று.

முதல் டெஸ்ட் நடந்த அன்று ராத்திரிப் போன் நீண்டது.

"ஆறு பேர் வந்தாடா. அந்த லட்சுமணன் இருக்காரே, காத்து எந்தத் திக்குன்னு பாக்கறதுக்கு என் கோலமாவைக் கேட்டு வாங்கி ஊதிப் பாக்கறார்!"

"ஐயோ!" அரவிந்தன் சிரித்தான். "அப்புறம்?"

அப்புறம் என்று பிள்ளை கேட்டு எத்தனை நாளாயிற்று!

வாரநாட்களில் ஜெஸ்ஸி வந்தாள். கையில் ஒரு பாட்டில்.

"ஆன்ட்டி, இது எலுமிச்சங்கா. புதுச் சட்டி, புதுக் கரண்டி. மீன் பட்ட எதுவும் இதுல படல, சத்தியமா."

"எதுக்குடீம்மா இதெல்லாம்?"

"லஞ்சம்தான், வேற எதுக்கு?"

"உக்காரு. பால் காயறது."

ஜெஸ்ஸி தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மகாபலிபுரத்துக் கடைக்காரரு கேட்டுட்டே இருக்காரு ஆன்ட்டி. டிசம்பர்ல டூரிஸ்ட் கூட்டம் வருமுன்ன சரக்கு வேணுமாம். லைசென்ஸ் நம்பர் ஒட்டாத பாட்டில அவரு தொடமாட்டாரு. எல்லாம் உங்க மூக்குல வந்து நிக்கிது, பாத்துக்கிடுங்க."

மாமி சிரித்துவிட்டாள். தன் மூக்கு இவ்வளவு பெரிய ஆளாகும் என்று யார் கண்டார்கள்?

"சும்மாவும் இருக்க முடியல ஆன்ட்டி," என்றாள் ஜெஸ்ஸி, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "அவரு காலைல பஸ் ஏறினா சாயந்தரந்தான். அதுவரைக்கும் செவுத்தப் பாத்துப் பேசினா பைத்தியம்னுவாங்க."

மாமிக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. சொல்லாமல், "இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்று கேட்டாள்.

இரண்டாம் ஞாயிறு லட்சுமணன் வாசலிலேயே சொல்லிவிட்டார், காபி கூடாது. மாமி காபி போடவில்லை, வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். அந்த டெஸ்டும் செல்லவில்லை. அதனால் மூன்றாம் ஞாயிறு, "பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் வேணாம் மாமி, கும்பிட்டுக் கேக்கறேன்" என்று அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு வழி மறித்து உட்கார்ந்துகொண்டார். ஜெஸ்ஸியும் இந்தத் தடவை வந்து கதவோரம் நின்றாள். சுவருக்கு அப்பால் தனக்கோடி வறுத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சு சார்! செவந்துகினு வர்து!"

காற்று ஜன்னல் திரையைத் தூக்கிப் போட்டது. கடல் உப்பு வந்தது, யார் வீட்டிலோ துவைத்துக் காயப்போட்ட துணியின் சோப்பு வாசனை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"எனக்கு இல்ல."

"எனக்கும் இல்ல."

"சுத்தமா இல்ல சார்."

லட்சுமணன் பேனாவைத் திறந்தார். "மாமி, நீங்கதான் சொல்லணும்."

ஆறு முகமும் ஜெஸ்ஸி முகமும் அவளைப் பார்த்தன. இல்லை என்று சொன்னால் பேனா கைமாறும். ஒரு கையெழுத்து. நாற்காலிகள் சுவரோரம் போகும். டம்ளர்கள் பரணுக்குப் போகும். ராத்திரி அரவிந்தன், வேற என்னம்மா, என்பான்.

"லேசா..." என்றாள் மாமி. "லேசா வராப்பல இருக்கு."

"வருதா!"

"எனக்கு மூக்கு கொஞ்சம்... சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

லட்சுமணன் பேனாவை மூடினார். "சரி. மாமிக்கு வருதுன்னா வருதுதான். அடுத்த வாரம் குழாயை இன்னும் ரெண்டடி உசத்திட்டுப் பாப்போம்."

ஜெஸ்ஸி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று மாமி நினைத்துக்கொண்டாள், போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வீட்டுக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை.

நாலாம் ஞாயிறு கூடத்தைத் துடைத்து நாற்காலிகளைப் போட்டாள். மூன்று மணியானது. திரை ஆடிற்று. யாரும் வரவில்லை. நாலு மணிக்கு வாசலில் போய் நின்றாள். தனக்கோடி தலையில் காலிக் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள்.

"ஏண்டி தனக்கோடி, இன்னிக்கி டெஸ்ட் இல்லையா?"

"இன்னா மாமி, உனுக்குச் சொல்லலியா? அதான் ஜெஸ்ஸியம்மா கடத்தெருவுல எடம் புட்ச்சிட்ச்சே. வூட்ல இனிமே அடுப்பே கெடையாது. சாமானெல்லாம் கட்டிக்கினு கீது."

"ஏனாம்?"

"ஏனா? உனுக்கு நாத்தம் வர்துன்னுதான்!" தனக்கோடி சிரித்தபடி போய்விட்டாள். "நீ நிம்மதியா இரு!"

மாமி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்தாள். ஜெஸ்ஸி கூடத்தில் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆன்ட்டி. எங்க உக்கார வைக்கன்னே தெரியல, எல்லாம் பெட்டியா கெடக்கு."

"நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்டி. இப்பவே போட்டுத் தரேன்."

"வேண்டாம் ஆன்ட்டி. அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"திருப்பிக் கேட்டா தரமாட்டானா?"

"எதுக்கு ஆன்ட்டி? உங்களுக்குக் கஷ்டம்னா கஷ்டந்தான. நானும் யோசிச்சேன். வயசானவங்க, சோறு எறங்க வேண்டாமா?"

"வாசனை வரலைடி."

ஜெஸ்ஸியின் கை பாட்டிலோடு நின்றது.

"இன்னிக்கி நாங்க வறுக்கவே இல்லியே."

"இன்னிக்கி இல்ல."

வெளியே ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப, எப்பலேருந்து வரல ஆன்ட்டி?"

கோபமாகக் கேட்கவில்லை அவள். கோபமாகக் கேட்டிருந்தால் மாமி ஏதாவது சமாளித்திருப்பாள்.

"உங்க ஆத்துக்காரர் குழாய் வெச்சாரே. அன்னிலேருந்து."

ஜெஸ்ஸி மாமியைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள். அதைச் சுற்றி முடித்து, பெட்டியில் இருக்கிற இடம் பார்த்து வைத்தாள். இன்னொரு தாளை எடுத்தாள்.

"காபி குடிக்கறதுக்குன்னு கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேனே ஆன்ட்டி," என்றாள், தாளைப் பார்த்துக்கொண்டே. "எனக்கும் வேற எங்க போக்கு?"

மாமி வாசல் பக்கம் திரும்பினாள்.

"படியில எண்ணெய் சிந்திக் கெடக்கு. பாத்துப் போங்க," என்றாள் ஜெஸ்ஸி.

ராத்திரி போன் வந்தது.

"என்னம்மா, வாசனை கேஸ் என்ன ஆச்சு?"

"முடிஞ்சுடுத்துடா. அவ கடைக்கே போயிட்டா."

"நல்லதாப் போச்சு. ஜெயிச்சுட்டே! வேற என்னம்மா?"

அதற்கப்புறம் ஜெஸ்ஸியைக் காலையில் கேட் பூட்டும்போது பார்ப்பாள். "வரேன் ஆன்ட்டி" என்பாள் ஜெஸ்ஸி, மரியாதையாக. திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும். அவள் கொடுத்த எலுமிச்சங்காய் பாட்டிலின் அடிக்கு வந்துவிட்டது.

தை பிறந்தபின் ஒருநாள் சாயந்திரம், தெருமுனையில் லட்சுமணனின் ஸ்கூட்டர் திரும்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. மாமி ஓடிப்போய் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமி, உங்க பின்வீட்டு ஷீலா தையல் யூனிட் போடப் போறாங்களாம். மோட்டார் மிஷின், மூணு. இப்பவே ஓட்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒட்டின வீடு நீங்கதான். சத்தம் தொந்தரவா இருக்கா?"

அவர் பேசும்போதே பின்பக்கத்திலிருந்து கேட்டது. டர்ர்ர் என்று ஓடி, நின்று, மறுபடி ஓடிற்று. கேட்காது என்று காது உள்ள யாரும் சொல்ல முடியாது.

லட்சுமணன் அவள் தோளைத் தாண்டி, கூடத்தில் சுவரோரம் சாத்திவைத்த நாற்காலிகளைப் பார்த்தார்.

"நீங்க சொல்றதுதான் மாமி. ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க, பழையபடி ஞாயித்துக்கிழமைல நாலஞ்சு பேரா வந்து உக்காந்து கேட்டுப் பாத்துடுவோம். அவசரம் ஒண்ணுமில்ல. அளந்து பாக்கறதுக்குக் கருவிகூட ஒருத்தர்கிட்ட இருக்கு."

டர்ர்ர் என்று மறுபடியும் ஓடிற்று.

"இங்க குடுங்கோ," என்றாள் மாமி.

தாளைக் கேட் தூணில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். தூணின் சொரசொரப்பில் எழுத்து கோணிக்கொண்டு போனது.

"படிச்சுப் பாக்கலியே மாமி?"

"ஆட்சேபம் இல்லன்னுதானே போட்டிருக்கு?"

"அதேதான்." அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு.

"உள்ள வந்து ஒரு வாய் காபி சாப்ட்டுட்டுப் போங்கோளேன். பால் வெச்சிருக்கேன்."

"எதுக்கு மாமி சிரமம்? வந்த வேலைதான் முடிஞ்சிடுச்சே!"

ஸ்கூட்டர் போன பிறகுதான் உள்ளேயிருந்து தீய்ந்த வாசனை வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது.